கட்டிட்டேங்க

இது உண்மையில் நடந்தது. நம்பியே ஆக வேண்டும் என்று யாரையும் வற்புறுத்தும் உரிமை எனக்கில்லை. ஆயினும் ஒரு சொல்லையும் கூட்டியோ குறைத்தோ எழுதவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். இதை என்னிடம் சொன்னவர் கதை கட்டுகிறவர் அல்லர். தம் வாழ்நாளில் அவர் சொன்ன பெரிய பொய் ஒன்றே ஒன்றுதான். அந்தப் பொய்யும் இதற்குள்ளேயே இருக்கிறது.

பேய் என்றாலே நடுச்சாமம் வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் பொறுத்தருள வேண்டும். இது நண்பகலில் நடந்தது. வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

அவரை எல்லோரும் காதண்ணன் என்றுதான் அழைப்பார்கள். பழைய திரைப்படங்களின் ஒலியைத் துப்புரவு செய்வது அவருடைய தொழில். கீறல், கரகரப்பு, இரைச்சல் என்று காலம் படியவிட்ட அழுக்கையெல்லாம் துடைத்து, பேச்சையும் பாட்டையும் மட்டும் மிச்சம் வைப்பார். அடுத்த தெருவில் ஊசி விழுந்தால், அது தையலூசியா குண்டூசியா என்று சொல்லக்கூடிய காது அவருக்கு. "நான் கூப்பிட்டா மட்டும் அந்தக் காது அடைச்சுக்கும்" என்பது அவர் மனைவியின் நிரந்தரக் குறை.

மனைவியின் தம்பிதான் ஒலிக்கூடத்தை நடத்தினான். ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இரண்டு அறைகள். முன்னறையில் மேசையும் நாற்காலிகளும். உள்ளறைக்கு ஜன்னல் கிடையாது. சுவர் முழுவதும் பஞ்சு வைத்துத் தைத்த துணி. கனத்த கதவைச் சாத்திவிட்டால் பகலும் இல்லை, இரவும் இல்லை. தம் மூச்சுச் சத்தம் தமக்கே பெரிதாகக் கேட்கும்.

அந்த அறைக்குத்தான் அந்தப் படம் வந்து சேர்ந்தது. துருப்பிடித்த தகரப் பெட்டிகள். மூடியைத் திறந்ததும், நாள்பட்ட படச்சுருளுக்கே உரிய காடி புளித்த நெடி மூக்கைத் துளைத்தது.

பலரும் கேள்விப்பட்டிராத படம். மலைச்சரிவு ஒன்றில் மரம் வெட்ட வரும் குத்தகைக்காரனுக்கும், காட்டைக் காக்க நிற்கும் மலைமக்களுக்கும் நடக்கும் போராட்டம்தான் கதை. வெளியான வேகத்திலேயே அரங்கை விட்டு ஓடிவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், மரத்தை வெட்டாதே என்று ஊருக்குச் சொன்ன அந்தப் படத்தை எடுத்தவரே ஒரு பெரிய மர வியாபாரி. அவருடைய பேரன் இப்போது நிறுவனத்தின் முதலாளி. நிறுவன விழாவில் தாத்தாவின் படத்தைத் திரையிட விரும்பினார். ஊரெங்கும் சுவரொட்டியும் ஒட்டியாகிவிட்டது. வேலை திருப்தியாக இருந்தால், நிறுவனத்தின் விளம்பர வேலைகள் முழுவதும் இந்த ஒலிக்கூடத்துக்கே என்று வாக்கும் கொடுத்திருந்தார். மைத்துனன் தரையில் கால் பாவாமல் திரிந்தான்.

காதண்ணன் சில வாரங்கள் உழைத்தார். கடைசிச் சுருளையும் பலமுறை ஓட்டிக் கேட்டார். அதில் ஒரு குறையும் தென்படவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு குறையும் தென்படவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, கடைசியாக ஒருமுறை சரிபார்க்கலாம் என்று அதே சுருளை ஓட்டினார். மலைவாசி ஒருவனைக் குத்தகைக்காரனின் ஆட்கள் மரத்தோடு கயிற்றால் கட்டுகிறார்கள். மறுபக்கம் இரண்டு பேர் ரம்பம் இழுக்கிறார்கள். வாத்திய இசை ஓங்கி ஒலிக்கிறது.

இசைக்கு அடியில்... ஏதோ இருந்தது.

இசையைக் குறைத்தார். வெகு தொலைவிலிருந்து ஒரு குரல்.

"கட்... கட்..."

அவர் புருவத்தைச் சுளித்தார். படப்பிடிப்பை நிறுத்துவதற்காக இயக்குநர் சொல்லும் சொல் அது. முடிந்த படத்தில் அதை யாரும் விட்டுவைப்பதில்லை. நேற்றுவரை இது எப்படிக் காதில் படாமல் போயிற்று?

அதற்குள் இன்னொரு குரல். இது சற்று அருகில். பணிவாக, மூச்சு வாங்கியபடி.

"கட்டிட்டேங்க..."

மைத்துனனை அழைத்துக் கேட்க வைத்தார். அவன் சிரித்தான். "சோறு கட்டிட்டேன்னு சொல்றானோ என்னமோ மாமா. துடைச்சு விடுங்க."

அன்று மாலை பேரன் வந்தார். நல்ல மரியாதையான மனிதர். செருப்பை வெளியே விட்டு, கை குவித்து வணங்கிவிட்டு உட்கார்ந்தார். அந்தப் பகுதியை ஓட்டியதும் அவர் முகம் மாறிவிட்டது.

"இது யாருக்கும் கேக்க வேணாம் சார். தாத்தா காலத்து விஷயம். நானே அரைகுறையாத்தான் கேள்விப்பட்டேன்."

"துடைச்சிரலாம் சார்" என்றான் மைத்துனன்.

"மூலச் சுருளையும் நீங்க முடிச்சதும் நானே எடுத்துட்டுப் போயிடறேன்."

அவர் போன பிறகும் காதண்ணன் அங்கேயே நின்றார். மைத்துனன் அவர் முகத்தைப் படித்துவிட்டான். "மாமா, இரைச்சலைத் துடைக்கறதுதானே நம்ம வேலை. இதுவும் இரைச்சல்தான். இது கைவிட்டுப் போச்சுன்னா, அக்காகிட்ட நீங்கதான் பதில் சொல்லணும். நான் ஊரை விட்டே ஓடிருவேன்."

மறுநாள் முற்பகல். காதண்ணன் வேலையைத் தொடங்கவிருந்த நேரம். படியேறி வந்த களைப்பில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்மணி வாசலில் நின்றார். ஐம்பதைக் கடந்தவர். கழுத்தில் தையல்காரர்களின் அளவு நாடா. கழற்ற மறந்து வந்திருந்தார்.

"இங்கதான் அந்த மரம் வெட்டுற படத்தைச் சரி பண்றாங்களாங்க? நேத்துக் காலையில சுவரொட்டி பாத்தேன். அவங்க ஆபீஸ்ல கேட்டேன், இங்க போகச் சொன்னாங்க."

மைத்துனன் நாற்காலியை இழுத்துப் போட்டான். அவர் நுனியில் மட்டும் உட்கார்ந்தார்.

"மரத்தில கட்டி வச்சிருப்பாங்களே ஒருத்தரை. அவர் எங்கப்பாங்க. அந்த மலையில மரம் இழுக்கிற வேலை பாத்தவர். சும்மா நிக்க வைக்கக் கூட்டிட்டுப் போனாங்களாம். அன்னைக்கே சறுக்கி விழுந்து இறந்துட்டார்னு சொல்லி உடம்பைக் கொடுத்தாங்க."

காதண்ணன் ஒரு நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"எனக்கு அப்போ நாலு வயசு. முகத்துக்கு ஒரு போட்டோ இருக்கு. குரல் மட்டும் ஞாபகம் வரமாட்டேங்குது. அந்த இடத்துல அவர் ஏதாச்சும் பேசுறாராங்க? ஒரு வார்த்தை இருந்தாக்கூடப் போதும். கேட்டுட்டுப் போயிடறேன்."

"யார்கூட இருந்தாராம் அன்னைக்கு?" என்று கேட்டார் காதண்ணன். ஏன் கேட்டோம் என்று அவருக்கே தெரியவில்லை.

"எங்க தாய்மாமாதாங்க. கயிறு கட்டினதே அவர்தானாம். அதுக்கப்புறம் அவர் மனுஷனா இல்ல. எதுலயும் முடிச்சுப் போட விடமாட்டார். பை வாயைக் கட்டக் கூடாது, செருப்புக்கு வார் கூடாது. எங்க வீட்டுல தலையணை உறைக்குக்கூடப் பொத்தான்தான். நான் தையல் கத்துக்கிட்டதே அதனாலதான்னு வச்சுக்கோங்களேன்." லேசாகச் சிரித்தார். "சாகும்போது ஒண்ணே ஒண்ணு சொன்னார். கட்டச் சொன்னாங்கன்னு கட்டினேன்... அப்படின்னு. யாரு சொன்னா, எதைக் கட்டச் சொன்னா, ஒண்ணும் புரியல. இன்னைக்கு வரைக்கும் புரியலீங்க."

காதண்ணனுக்குப் புரிந்துவிட்டது.

கட்... கட்... என்று கூவியிருக்கிறார் இயக்குநர். நிறுத்தச் சொல்லி. சினிமாவே பார்த்திராத அந்த மலைக்கூலிக்கு அது ‘கட்டு, கட்டு’ என்று விழுந்திருக்கிறது. கட்டியிருக்கிறார். கூவக்கூவ இறுக்கிக் கட்டியிருக்கிறார்.

ஒரு குடும்பம் அரை நூற்றாண்டாக அவிழ்க்க முடியாமல் வைத்திருந்த முடிச்சு. காதண்ணன் ஒருவரால்தான் அந்த நொடியில் அதை அவிழ்க்க முடியும். வாயைத் திறந்தார். பெண்மணியின் தலைக்குப் பின்னால் மைத்துனன் நின்றான். வேண்டாம் மாமா என்று கண்ணாலேயே கெஞ்சினான்.

"ஒண்ணும் கேக்கலம்மா. வெறும் இரைச்சல்தான்."

அதுதான் அந்தப் பொய்.

அந்த அம்மா கொஞ்ச நேரம் காத்திருந்தார், வேறு ஏதாவது சொல்வார்களோ என்று. பிறகு எழுந்தார். "பரவாயில்லீங்க. வேலை நேரத்துல தொந்தரவு பண்ணிட்டேன். பஸ் டிப்போவுக்குப் பின்னால நீலப் பலகை போட்ட தையல் கடைங்க. எப்பவாச்சும் ஏதாச்சும் கேட்டுச்சுன்னா..." முடிக்காமல் படியிறங்கிப் போனார்.

காதண்ணன் உள்ளறைக்குள் சென்று கதவைச் சாத்தினார். இனித் தாமதித்தால் கை வராது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. முன்னறைக் கடிகாரம் பன்னிரண்டு அடித்தது கதவு மூடும் முன் காதில் விழுந்தது.

ஹெட்போனை மாட்டினார். இசையை முழுவதும் அடக்கிவிட்டு அந்த இடத்தைக் கண்டுபிடித்தார். ‘கட்’ என்ற குரலைத் துடைத்தார். ‘கட்டிட்டேங்க’ என்ற குரலைத் துடைத்தார். எச்சில் தொட்டுச் சிலேட்டை அழிப்பதுபோல் சுலபமாக இருந்தது.

மறுபடி ஓட்டிப் பார்த்தார். சுத்தமான அமைதி.

ஆனால் ஒலியளவு காட்டும் மீட்டரின் ஊசி ஆடியது.

ஒலி இருந்தால்தான் ஊசி ஆடும். ஒலி இல்லை. ஊசி ஆடுகிறது. நிற்கிறது. ஆடுகிறது. பேசுகிறவர்களின் மூச்சுக்கு ஏற்ப ஆடுவதுபோல.

மீட்டரைத் தட்டினார். கோளாறாக இருக்கும். மறுபடி ஓட்டினார்.

"கட்டிட்டேங்க..."

துடைத்தது திரும்ப வந்திருந்தது. இப்போது தொலைவில் இல்லை. இந்த அறையின் மூலையில் நின்று சொல்வதுபோல் இருந்தது.

மறுபடி துடைத்தார்.

"கட்டிட்டேங்க... இன்னும் இறுக்கணுமாங்க..."

படத்தை நிறுத்தினார். திரை இருண்டது. குரல் நிற்கவில்லை.

ரம்பம் இழுக்கும் சத்தம் கேட்டது. கர்ர்... கர்ர்... கர்ர்... நாற்காலியின் கால்களில் அந்த அதிர்வு ஏறியது. காடி நெடி மறைந்து, பச்சை மரத்தூள் வாசனை அறையை நிறைத்தது.

எழ முயன்றார்.

முடியவில்லை.

வலது மணிக்கட்டு நாற்காலியின் கைப்பிடியோடு சேர்ந்திருந்தது. குனிந்து பார்த்தார். ஹெட்போன் வயர். இரண்டு சுற்று. அதன்மேல் ஒரு முடிச்சு.

அவர் போட்டதல்ல.

இடக்கையால் பிரித்தார். பிரியவில்லை.

ரம்பம் நின்றது.

மேலே எங்கோ... மிக உயரத்தில்... மடக்கென்று ஒரு முறிவு.

காதோரம் ஒரு சிரிப்பு. பயமில்லாத சிரிப்பு. கூட வேலை பார்ப்பவனைக் கேலி செய்கிற சிரிப்பு.

"மச்சான்... நிறுத்தச் சொல்றாங்கடா..."

இது மூன்றாவது குரல். இதுவரை கேட்காதது.

பிறகு சிரிப்பு அடங்கிற்று. குரல் அவர் பக்கம் திரும்பியது. திரும்பியதை அவரால் உணர முடிந்தது.

"புள்ள வந்துச்சே..."

காதண்ணன் மறுபடி முடிச்சைப் பிடித்து இழுத்தார்.

"போயிடுச்சா?"



கதவு திறந்தது. வெளிச்சத்தில் கண் கூசியது. மைத்துனன் இரண்டு தேநீர்க் கோப்பைகளோடு நின்றான்.

"என்ன மாமா இது, கைய எதுக்குக் கட்டிக்கிட்டீங்க?"

"பிரிச்சு விடு மாப்ள... சீக்கிரம்..."

கோப்பைகளை வைத்துவிட்டு அவன் குனிந்தான். நகத்தால் நெம்பினான். பல்லால் இழுத்தான். "இதென்ன முடிச்சு, இப்படி ஒரு முடிச்சு நான் பாத்ததே இல்ல. இருங்க, கத்திரி இருக்கு. கட் பண்ணிடறேன்."

அந்தச் சொல் அவன் வாயை விட்டு வந்ததுதான் தாமதம்.

முடிச்சு இறுகியது.

இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. யாரும் தொடாமல். தோலுக்குள் அழுந்தியது.

"சொல்லாத... அந்த வார்த்தையச் சொல்லாத..."

"எந்த வார்த்தை மாமா? கட் பண்ணத்தானே..."

இன்னும் இறுகியது. விரல்கள் நீலம் பாய்ந்தன. மைத்துனன் அலறிப் பின்வாங்கினான்.

காதண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். யாரிடம் பேசுகிறோம் என்று தெரிந்தே பேசினார். "அண்ணே... உங்களைக் கட்டச் சொல்லல. நிறுத்தத்தான் சொன்னாங்க. தப்பு உங்க மேல இல்ல. அவுத்து விடுங்கண்ணே..."

வயர் தளர்ந்தது. சரிந்து தரையில் விழுந்தது.

மைத்துனன் அதைத் தொடவே அஞ்சி, மேசையைக் காட்டினான். வயரின் மறுமுனை அங்கே கிடந்தது. அதை எந்த எந்திரத்திலும் சொருகியிருக்கவில்லை. அதுவரை காதண்ணன் கேட்டதெல்லாம் எதிலும் சொருகாத ஹெட்போனில்.

அவர் படிகளில் உருண்டு விழாத குறையாக ஓடினார். எதிர்ப்புற நிறுத்தத்திலிருந்து பேருந்து அப்போதுதான் கிளம்பியது. ஜன்னலோரம் ஓர் அளவு நாடா தெரிந்தது. அவ்வளவு நேரமும் அந்த அம்மா கீழேதான் காத்திருந்திருக்கிறார். அழைக்கலாம் என்று கையை உயர்த்தினார். என்னவென்று சொல்லி அழைப்பது?

மறுநாள் முழுவதும் அந்தக் குரல்களை மீட்க முயன்றார். கணினியில் எடுத்து வைத்திருந்த பிரதியில் இல்லை. மூலச் சுருளையே மறுபடி ஓட்டினார். அதிலும் இல்லை. இசை மட்டும் இருந்தது. அன்று மாலை பேரன் வந்து பெட்டிகளை எடுத்துச் சென்றார். விழாவில் படம் பளிச்சென்று ஓடிற்று என்று பாராட்டி இனிப்பு அனுப்பினார். காதண்ணன் அதைத் தொடவில்லை.

அதன் பிறகு அவர் செய்த முதல் காரியம், அந்தப் படத்தின் ஒளிப்பதிவு உதவியாளராக இருந்தவரைத் தேடிப் போனது. அந்த முதியவருக்குக் கண் மங்கிப் போயிருந்தாலும் நினைவு மங்கவில்லை.

"படத்துக்குன்னு ஒரே ஒரு மரம் வெட்டத்தான் அனுமதி வாங்கினாங்க தம்பி. நாங்க படம் எடுத்து முடிக்கிறதுக்குள்ள அந்தச் சரிவே மொட்டையாயிடுச்சு. அந்த ஒரு மரத்தையும் அன்னைக்கே லாரியில ஏத்தணும்னு, முந்தின நாளே முக்கால்வாசி அறுத்து வச்சுட்டாங்க. எங்ககிட்ட மூச்சு விடல. மரம் சாயறதைப் பாத்துட்டு டைரக்டர் தொண்டை கிழியக் கத்தினார். அந்தக் கயிறு புடிச்ச ஆள் என்னடான்னா, ஒவ்வொரு தடவையும் இன்னொரு முடிச்சு போட்டுட்டு, கட்டிட்டேங்கன்னு கும்பிடறான்..." அவர் நிறுத்திக்கொண்டார்.

"அந்தச் சத்தம் படத்துல இருந்துச்சுங்க. நான் கேட்டேன்" என்றார் காதண்ணன்.

முதியவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எப்படித் தம்பி இருக்கும்? மலையில நாங்க மைக்கே வைக்கலியே. ஊமைப் படமாத்தான் புடிச்சோம். சத்தமெல்லாம் பிறகு ஊருல வந்து சேத்தது. அன்னைக்கு அங்க ஒரு சத்தத்தையும் யாரும் பதிவு பண்ணல."

காதண்ணன் நாட்களை எண்ணிப் பார்த்தார்.

சில வாரங்களாக அந்தச் சுருளில் ஒன்றும் இருக்கவில்லை. அந்த அம்மா சுவரொட்டியைப் பார்த்த காலையில்தான் அது முதன்முதலாகக் கேட்டது. அது அங்கே பதிந்து கிடந்த குரலன்று. வந்த குரல். மகள் கேட்க வருகிறாள் என்று வந்த குரல். அதைத்தான் அவர் துடைத்தார்.

அங்கிருந்து நேராக நீலப் பலகைக் கடைக்குப் போனார். எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மா தையல் எந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று காதண்ணன் இன்றும் சொல்கிறார்.

"புள்ள வந்துச்சே, போயிடுச்சான்னா கேட்டார்?"

"ஆமாம்மா."

"அன்னைக்கு அம்மா என்னையும் இடுப்புல வச்சுக்கிட்டுச் சூட்டிங் பாக்கப் போனாங்களாம். நான் அழுதேன்னு பாதியிலயே தூக்கிட்டு வந்துட்டாங்களாம்." அவர் விரலால் ஒரு பொத்தானைத் தடவிக்கொண்டே இருந்தார். "நான் ஒருதடவை அங்க வந்து உக்காரலாமாங்க? கேக்காட்டியும் பரவாயில்ல."

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தார். காதண்ணன் ஹெட்போனைத் தாமே சொருகி, அவர் தலையில் மாட்டினார். இசையை அடக்கி, படம் காட்டாமல், துடைத்த அந்தப் பகுதியின் ஒலியை மட்டும் ஓட்டினார். அறையில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி.

மீட்டரின் ஊசி துடித்தது.

நின்றது. துடித்தது. நின்றது. பிறகு நிற்கவேயில்லை. வெகுநாள் சேர்த்து வைத்ததையெல்லாம் ஒருவர் மூச்சுவிடாமல் சொல்லிக் கொட்டுவதுபோல் ஆடிக்கொண்டே இருந்தது. அந்த அம்மாவின் பார்வை இருண்ட திரையின் மேல் இருந்தது. மீட்டர் அவருடைய முதுகுப் பக்கம்.

"உங்களுக்கு ஏதாச்சும் கேக்குதாங்க?" என்று திரும்பாமலே கேட்டார்.

காதண்ணன் ஊசியைப் பார்த்தார். தம் காதைக் கூர்மையாக்கிக் கேட்டார். தம்மால் இயன்றவரை கேட்டார்.

"ஒண்ணும் கேக்கலம்மா" என்றார்.

இந்த முறை அது உண்மை.